இளவேனில் தோட்டக் கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

குளிர் விலகி மண் சூடேறத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில்தான் தோட்டத்தில் அதிகம் கெட்டுப்போகிறது. வெயில் முதுகில் உறைத்ததுமே கை பரபரக்கிறது, விதை டப்பாவைத் திறந்துவிடுகிறோம். காற்று இரண்டே நாளில் சூடாகிவிடும். மண் அதன் பின்னால் மெதுவாகத்தான் வரும். அந்த இடைவெளியில் நட்டதும் விதைத்ததும் முரண்டு பிடிக்கும்போது, இலையைப் பார்த்துவிட்டு உரமோ மருந்தோ தேடி ஓடுகிறோம். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு: மருந்துக் குப்பியைத் தொடும் முன் மண்ணைத் தொடுங்கள். இந்தப் பருவத்தில் இலையில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை வேரடியில் தொடங்குபவை.

அறிகுறிக்குப் போகும் முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள். முதலாவது சூடு. மண் வெப்பமானி இருந்தால் 5 செ.மீ. ஆழத்தில் செருகி, காலை எட்டு ஒன்பது மணி வாக்கில் அளவெடுங்கள். மதியம் எடுத்தால் ஏமாற்றும். நாலு நாள் தொடர்ந்து பார்த்தால்தான் அந்த அளவை நம்பலாம். இரண்டாவது ஈரம். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடியுங்கள். விரலால் குத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தால் பதம். விரல் தடம் பதிந்து உருண்டை அப்படியே நின்றால் இன்னும் ஈரம் அதிகம். உருண்டையே பிடிக்க முடியாவிட்டால் வறட்சி. மூன்றாவது, கோளாறு எங்கே இருக்கிறது என்பது. ஒரு வரிசை முழுக்க என்றால் அந்த விதையிலோ விதைத்த ஆழத்திலோ குறை. தாழ்வான மூலையில் மட்டும் என்றால் தேங்கும் நீர், இல்லாவிட்டால் தேங்கும் குளிர். இங்கொன்றும் அங்கொன்றுமாக என்றால் பூச்சி, புழு. எல்லாப் பயிரிலும் ஒரே நேரத்தில் என்றால் வானிலை, தண்ணீர், எரு இந்த மூன்றில் ஒன்று. சூடு, ஈரம், இடம் ஆகிய மூன்றுக்கும் விடை கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கொத்தினால் மண் கட்டி கட்டியாகப் பெயர்கிறது

ஈரத்தில் இறங்கிவிட்டீர்கள். களிமண் கலந்த நிலத்தை ஈரத்தோடு கொத்தினாலும் உழுதாலும் அது பிசைந்த மாவு போலாகி, காய்ந்ததும் செங்கல்லாக இறுகும். அதற்குள் வேரும் போகாது, காற்றும் போகாது. இப்போதே நிறுத்துங்கள். காய்ந்த கட்டியை மண்வெட்டியால் அடித்து உடைத்தால் மேலே தூளும் கீழே கல்லும்தான் மிஞ்சும். அப்படியே விட்டு, நாலைந்து விரல் கனத்துக்கு மட்கிய எருவை மேலே பரப்புங்கள். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து கட்டி தானாக விரிசல் விடும், அப்போது முள்வாரியால் இழுத்தால் போதும். இந்த வருடம் அந்தப் பாத்தியில் கேரட் போன்ற பொடி விதை வேண்டாம். குழி எடுத்து எரு நிரப்பிப் பூசணி நாற்று வைக்கலாம். ஈரமான பாத்தியில் போக வேண்டியிருந்தால் பலகை போட்டு அதன் மேல் நடங்கள்.

விதைத்து இரண்டு வாரமாகியும் முளை இல்லை

மறுபடி விதைக்காதீர்கள், முதலில் தோண்டிப் பாருங்கள். வரிசையில் ஒரு சாண் நீளத்துக்கு மண்ணை விரலால் மெல்ல விலக்கினால் விதை என்ன ஆனது என்று கண்ணிலேயே தெரியும்.

விதை கெட்டியாக, போட்டபடியே இருக்கிறதா? ஈரம் போதவில்லை, அல்லது மண் குளிர்ந்திருக்கிறது. பட்டாணி, முள்ளங்கி, பசலை (ஸ்பினாச்), கேரட் ஆகியவை 5 முதல் 7 டிகிரி செல்சியஸிலேயே மெதுவாகக் கண் திறக்கும். தக்காளிக்கு 10 டிகிரிக்கு மேல் வேண்டும், 20-ஐத் தாண்டினால்தான் சுறுசுறுப்பு வரும். பீன்ஸ், வெள்ளரி, பூசணி, வெண்டை, மிளகாய் எல்லாம் 15, 16 டிகிரிக்குக் கீழே முளைப்பதைவிட அழுகுவதே அதிகம். கேரட் என்றால் கொஞ்சம் பொறுங்கள், குளிர்ந்த மண்ணில் மூன்று வாரம் எடுத்துக்கொள்வது அதன் இயல்பு. அதுவரை மேல்மண் ஒருநாள்கூடக் காயக் கூடாது. ஈரச் சாக்கு விரித்து மூடி வைத்து, தினமும் தூக்கிப் பார்த்து, முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். லெட்டூஸ் நேர் எதிர். மண் 27, 28 டிகிரியைத் தாண்டினால் விதை உறங்கிப்போகும். சூடு கூடிய பிறகு விதைப்பவர்கள் மாலையில் விதைத்து, நிழல் கட்டி, குளிர்ந்த தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த விதைக்கு வெளிச்சமும் தேவை என்பதால் மேலே மண் தூவினது தெரியாத அளவுக்குத் தூவினால் போதும்.

விதை ஊதி, நசுக்கினால் கூழாகிறதா? குளிரும் ஈரமும் சேர்ந்து அழுகல். ஒரு வருடம் பீன்ஸ் விதையில் பாதியை முதல் வெயில் கண்ட வாரத்தில் போட்டேன், மீதியை இரண்டரை வாரம் கழித்துப் போட்டேன். முதல் பாதியில் அங்கங்கே நாலு முளை வந்து, அவையும் மஞ்சள் பிடித்து நின்றன. பின்னால் விதைத்தவை ஆறே நாளில் வரிசை கட்டி எழுந்து, மாதம் முடியும் முன் மூத்தவற்றைத் தாண்டிவிட்டன. அதற்குப் பிறகு நாட்காட்டியைப் பார்த்து பீன்ஸ் போட்டதில்லை.

விதைக்குள் துளை, உள்ளே சிறு வெண்புழு இருக்கிறதா? அது ஒரு சின்ன ஈயின் புழு. புதிதாகக் கிளறிய மண்ணிலும், பச்சைத் தழையோ மட்காத எருவோ அழுகும் இடத்திலும் அந்த ஈ முட்டையிடும். விதை மெதுவாக முளைக்கும் குளிர்மண்ணில் புழுவுக்கு நேரம் நிறையக் கிடைக்கிறது. தழையை மடக்கி உழுத பின் மூன்று வாரமாவது இடைவெளி விட்டு, மண் சூடான பிறகு விதைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

விதையே காணோம், சிறு குழி மட்டும் இருக்கிறதென்றால் எலி அல்லது பறவை. பட்டாணிக்கு இது அடிக்கடி நடக்கும். முளைவிட்டு ஒரு விரல் உயரம் வரும்வரை வலை கட்டுங்கள், அல்லது குழித்தட்டில் வளர்த்து நடுங்கள்.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. முளை வந்திருக்கும், ஆனால் மண்ணுக்கு அடியிலேயே சுருண்டு வெளிறிக் கிடக்கும். விதைத்த மறுநாள் பலத்த மழை, பிறகு வெயில். மேல்மண் ஓடு போல இறுகிவிட்டது. பூவாளியில் மெல்லிய தூறலாக விட்டு இறுகிய மேல்மண்ணை ஊறவைத்து, முள்வாரியின் பற்களால் தொட்டும் தொடாமலும் கீறிவிடுங்கள். அடுத்த முறை சாலில் விதையை மண்ணால் மூடாமல், சலித்த மட்கு எருவோ மணலோ போட்டு மூடுங்கள். விதையின் கனத்தைப் போல இரண்டு மூன்று பங்கு ஆழத்துக்கு மேல் எதையும் புதைக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் முளைக்காவிட்டால் விதைக்கு வயதாகிவிட்டது. பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வெதுவெதுப்பான இடத்தில் பத்து நாள் வையுங்கள். ஏழு முளைத்தால் கொஞ்சம் நெருக்கி விதைக்கலாம், ஐந்துக்குக் கீழே போனால் அந்த விதை வேண்டாம். வெங்காய விதை ஓரிரண்டு வருடத்தில் வீரியம் இழக்கும். தக்காளி, வெள்ளரி விதைகள் காய்ந்த இடத்தில் வைத்திருந்தால் நாலைந்து வருடம் தாங்கும்.

தட்டில் நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று படுத்துக் கிடக்கிறது

ஒன்றைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மேலே இரண்டு இலையும் பச்சையாகவே இருக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நூல் கட்டி இறுக்கியதுபோல் ஒடுங்கி, தண்ணீர் கோத்த நிறத்தில் இருக்கும். விரலால் இழுத்தால் அந்த இடத்தில் அறுந்து கையோடு வரும். இது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் போன்ற, மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பூஞ்சையை ஒத்த உயிரிகளும் செய்யும் வேலை. படுத்ததை எழுப்ப வழியில்லை, அதற்காக மருந்து வாங்குவதும் வீண். பரவுவதை நிறுத்தத்தான் முடியும்.

படுத்தவற்றையும் அவற்றைச் சுற்றி இரண்டு விரல் அளவு மண்ணையும் கரண்டியால் அள்ளி வெளியே போடுங்கள். மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள், காற்று ஓட வேண்டும். மேலே தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, தட்டைக் கால் மணி நேரம் ஆழமில்லாத தண்ணீரில் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விட்டு வடித்துவிடுங்கள். மண்ணின் மேற்பரப்பு நிறம் மாறிக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். நெருக்கமாக நிற்பவற்றைக் கத்தரியால் நறுக்கிக் கலைத்துவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் கிளம்பிவிடும். அடுத்த தவணைக்குத் தட்டைச் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, புது நாற்றுக் கலவை போட்டு, விதையை விலக்கி விதையுங்கள். போன வருடத்துக் கலவையை மீண்டும் பயன்படுத்தும் சிக்கனம் நாற்றில் மட்டும் வேண்டாம்.

நாற்று நெட்டையாக, வெளிறி, சன்னலைப் பார்த்துச் சாய்கிறது

வெளிச்சம் குறைவு, சூடு அதிகம். இரண்டும் சேரும்போதுதான் இப்படி நீளும். முளை தெரிந்ததும் தட்டைச் சூடான இடத்திலிருந்து எடுத்து வெளிச்சமான, சற்றுக் குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். விளக்கு வைப்பதென்றால் குழல்விளக்கு இலைக்கு மேல் ஒரு சாணுக்குள் இருக்கட்டும், நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். தினமும் இரண்டு தடவை உள்ளங்கையால் நாற்றின் தலையை மெல்லத் தடவிக்கொடுங்கள். காற்று அசைப்பதுபோல் அசைந்தால் தண்டு குட்டையாக, தடித்து வளரும். நெட்டையாகிப்போன தக்காளியைக் காப்பாற்றிவிடலாம்: கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு முதல் நல்ல இலைவரை தண்டைப் புதைத்து நட்டால் புதைத்த இடமெல்லாம் வேர் விடும். வெள்ளரிக்கும் பூசணிக்கும் அந்தத் தந்திரம் பலிக்காது, புதைத்த தண்டு அழுகும். அவற்றை மறுபடி விதைப்பதே குறைந்த வேலை.

நட்டதும் வாடுகிறது, அல்லது இலையில் வெள்ளைத் திட்டு

வெள்ளையாக, காகிதம்போல் காய்ந்த திட்டு மேல் இலைகளில் மட்டும் இருந்தால் வெயில் சுட்டிருக்கிறது. வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை ஒரேயடியாக வெளியே வைத்ததன் விளைவு. புது இலை நன்றாக வரும். இரண்டு மூன்று நாள் நிழல்வலை கட்டுங்கள் போதும். அடுத்த முறை ஏழிலிருந்து பத்து நாள் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயில், பிறகு பகல் முழுக்க, கடைசி இரண்டு இரவு வெளியே. காற்றும் வெயில் அளவுக்கே முக்கியம், அதையும் பழக்க வேண்டும்.

வாடல் என்றால் நேரத்தைப் பாருங்கள். மதியம் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் வேர் இன்னும் பிடிக்கவில்லை. அது தானாகச் சரியாகும். காலையிலேயே வாடிக் கிடந்தால்தான் கவலை. அப்போது தண்ணீர்க் குழாயை எடுக்காமல் விரலை மண்ணுக்குள் விடுங்கள். தண்ணீர் இல்லாத செடியும் தண்ணீரில் மூழ்கிய செடியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே வாடும், ஏனென்றால் காற்றில்லாத மண்ணில் வேர் தண்ணீரை இழுக்காது. ஈரமாக இருந்தால் தண்ணீரை நிறுத்தி, பாத்தியின் ஓரத்தில் வடிகால் கீறிவிடுங்கள். வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றியே கொன்றவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இலை ஊதா நிறம், மஞ்சள் நிறம்

தக்காளி, முட்டைகோஸ் நாற்றின் இலை அடிப்பக்கம் ஊதாவாகி, செடி வளராமல் நிற்கிறதா? மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று சொல்வார்கள், சொல்வது சரிதான். ஆனால் மண்ணில் சத்து இருந்தும் குளிரில் வேர் அதை எடுக்க முடியாமல் நிற்பதே இந்தப் பருவத்தில் வழக்கம். மண் 15 டிகிரியைத் தாண்டியதும் பச்சை திரும்பும். உரம் போட்டால் அது அப்படியே கிடக்கும்.

அடியிலைகள் சீராக மஞ்சளாகி மேல் இலை வெளிர் பச்சையாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. இலையுதிர்காலத்தில் நட்ட பூண்டில் இப்போது இது தெரியும். மழை சத்தைக் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கும். மட்கிய எருவை வரிசை ஓரத்தில் தூவி நீர் விடுங்கள். மரத்தூளையோ பச்சை மரச்சில்லையோ மண்ணோடு கலந்திருந்தால் காரணம் அதுவேதான். மரத்தூளில் தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிமம் சில நூறு பங்கு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். மேலே மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை பெரிதாக வராது, கலக்கத்தான் கூடாது.

இளம் இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் நீர் தேங்கும் மண்ணிலும் இப்படி வரும். இலை விளிம்பு கருகி, மண்மேல் வெள்ளைப் படலம் பூத்தால் எருவின் உப்பு மிகுந்துவிட்டது. கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் இது நிச்சயம். நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பச்சை எருவில் கிருமிப் பயமும் உண்டு. மண்ணைத் தொடும் காய்கறிக்கு, பச்சை எரு போட்டு 120 நாளாவது ஆன பிறகே அறுவடை என்று அமெரிக்க இயற்கை வேளாண் விதி சொல்கிறது. மண்ணைத் தொடாத விளைச்சலுக்கு 90 நாள். வீட்டுத் தோட்டத்துக்கும் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

புதுத் தளிர் சுருண்டு, கிண்ணம்போல் குவிந்து, பெரணி இலைபோல் ஒடுங்குகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கவனமாக வேலை செய்பவரையும் தாக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு பண்ணையிலிருந்து நன்றாக மட்கிய மாட்டெரு கிடைத்தது. மணம் மண்வாசம், கையில் எடுத்தால் கருப்பு மெத்தை. இரண்டு பாத்திக்குப் போட்டேன். மூன்று வாரத்தில் தக்காளியின் நுனிக் கொழுந்து முறுக்கிக்கொண்டது. வைரஸ் என்று நினைத்துப் பிடுங்கினேன். பக்கத்துப் பாத்தியில் பீன்ஸும் அதே மாதிரி முறுக்கியபோதுதான் பொறி தட்டியது: இரண்டு வேறு குடும்பத்துப் பயிர், ஒரே எரு.

புல்வெளியில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற மருந்துகளை அடிக்கிறார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றிலும் மருந்து சிதைவதில்லை, சாணத்தோடு வெளியேறி, மட்கிய பிறகும் தங்கிவிடுகிறது. மிகச் சிறிய அளவே தக்காளி, பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கை முறுக்கப் போதும். 2008-ல் பிரிட்டனில் ஏராளமான காய்கறித் தோட்டங்கள் இப்படிக் கெட்டு, அமினோபைராலிட் விற்பனையையே அந்த ஆண்டு நிறுத்தி வைத்தார்கள். கட்டுப்பாடுகளோடு பிறகு மீண்டும் அனுமதித்தார்கள்.

வைரஸ் என்றால் இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு இருக்கும், அங்கொன்று இங்கொன்று செடியில் வரும். வெயிலில் தக்காளியின் கீழ் இலைகள் மேல்நோக்கிச் சுருள்வது வேறு; அதில் கொழுந்து நன்றாகவே இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். எரு போட்ட இடத்தில் மட்டும், கொழுந்தில் மட்டும், பல பயிரில் ஒரே மாதிரி என்றால் எருவைச் சந்தேகியுங்கள்.

சோதனை எளிது. மூன்று தொட்டியில் பாதி எரு, பாதி நாற்றுக் கலவை. மூன்று தொட்டியில் கலவை மட்டும். எல்லாவற்றிலும் பீன்ஸ் விதையுங்கள். முதல் ஜோடி இலையை நம்ப வேண்டாம், அடுத்து வரும் மூன்று கூட்டிலைகளையும் பார்க்கும்வரை மூன்று நாலு வாரம் காத்திருங்கள். எரு போட்டதில் மட்டும் முறுக்கினால் அந்த எருவைக் காய்கறிக்குக் கொண்டுபோகாதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்ட பாத்தியைப் பல தடவை கிளறிவிட்டு, அந்த வருடம் மக்காச்சோளம் போடுங்கள். அது புல் குடும்பம், தாங்கிக்கொள்ளும். மருந்தைச் சிதைப்பது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள், அவற்றுக்குச் சூடும் ஈரமும் காலமும் வேண்டும். அடுத்த வருடம் அதே பீன்ஸ் சோதனையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் தக்காளி. நான் இப்போது எந்த எரு வந்தாலும் பனிக்காலத்திலேயே சன்னலோரத்தில் இந்தத் தொட்டிகளை வைத்துவிடுகிறேன்.

காலையில் பார்த்தால் நாற்று அறுந்து கிடக்கிறது, இலையில் ஓட்டை

அரிவாளால் அறுத்ததுபோல் தரையோடு துண்டாகிக் கிடந்தால் வெட்டுப்புழு. வெயில் ஏறும் முன் அந்த நாற்றைச் சுற்றி இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணைக் கிளறுங்கள். பழுப்பு நிறத்தில் தடித்த புழு வளையமாகச் சுருண்டு கிடக்கும். ஒன்றைப் பிடித்தால் அந்த வரிசையில் நாலு நாற்று பிழைத்தது. மீதி நாற்றுகளுக்குத் தடித்த அட்டையில் வளையம் செய்து, 2, 3 செ.மீ. மண்ணுக்குள்ளும் 5 செ.மீ. வெளியேயும் இருக்கும்படி நடும்போதே மாட்டிவிடுங்கள்.

ஒழுங்கில்லாத பெரிய ஓட்டை, பக்கத்தில் பளபளக்கும் கோடு என்றால் ஓடில்லா நத்தை. மாலையில் ஈரப்பலகையைக் கவிழ்த்து வைத்து, காலையில் புரட்டிப் பொறுக்குங்கள். மாலையில் நீர் விடுவதைக் காலைக்கு மாற்றுவது மட்டுமே தொல்லையைக் கணிசமாகக் குறைக்கும். மருந்து வேண்டியிருந்தால் இரும்பு பாஸ்பேட் குருணை போதும்.

முள்ளங்கி, கத்தரி, கோஸ் இலையில் ஊசியால் குத்தியதுபோல் நூறு துளை இருந்து, கை வைத்ததும் கருப்புப் பொடி துள்ளினால் தெள்ளு வண்டு. விதைத்த அன்றே பொடிக்கண் வலை போட்டால்தான் பயன், வந்த பிறகு வலை போட்டால் வண்டை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். போன வருடம் அதே குடும்பப் பயிர் இருந்த பாத்தியில் வலை பயன்படாது, வண்டு மண்ணிலிருந்தே கிளம்பும்.

கொழுந்து சுருண்டு, பிசுபிசுத்து, எறும்பு ஏறினால் அசுவினி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், இரண்டு நாள் விட்டு மறுபடி. பொறிவண்டும் அதன் முதலைபோன்ற புழுவும் தெரிந்தால் மருந்தே வேண்டாம். தழைச்சத்து அதிகம் போட்ட செடியில்தான் அசுவினி மொய்க்கும்.

பாத்தியே கிளறப்பட்டு நாற்று வெளியே கிடந்தால் உங்கள் கோழிதான். நடவுக்கு முன் களையும் புழுவும் பொறுக்க அதைவிட நல்ல ஆள் இல்லை. விதை விழுந்த நாளிலிருந்து வேலி வேண்டும்.

உறைபனி விழுந்த மறுநாள்

வானம் தெளிந்து, காற்று அடங்கி, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவைத்தான் நம்பக் கூடாது. ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே தரையோடு ஒட்டி உறைந்துவிடலாம், தாழ்வான மூலையில் இன்னும் முன்பே. அன்று பகலில் மண்ணை நனைத்து வையுங்கள். ஈரமண் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும். குச்சி நட்டு அதன் மேல் துணி விரித்து, இலையில் படாமல், ஓரம் தரையைத் தொடும்படி சூரியன் மறையும் முன்பே மூடுங்கள். காலையில் எடுத்துவிடுங்கள்.

கருகிவிட்டதென்றால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். உருளைக்கிழங்கு அடியிலிருந்து மறுபடி வரும். தக்காளியில் அடித்தண்டு பச்சையாக இருந்தால் பக்கக் கிளை விடக்கூடும். பீன்ஸும் பூசணியும் திரும்பாது, மண் பதமாக இருந்தால் அன்றே மறுபடி விதையுங்கள்.

பழமரத்தில் பூ இதழ் வெள்ளை வெளேரென்று நின்றாலும் ஏமாறாதீர்கள். ஒரு பூவைப் பறித்து, கட்டைவிரல் நகத்தால் நடுவில் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுத்தண்டும் அதன் அடியும் இளம்பச்சையாக இருந்தால் உயிர், பழுப்போ கருப்போ ஏறியிருந்தால் அந்தப் பூவில் காய் இல்லை. ஆப்பிள் முழுக்கப் பூத்திருக்கும்போது மைனஸ் 2.2 டிகிரியில் அரை மணி நேரம் நின்றால் பத்தில் ஒரு பூ சாகும், மைனஸ் 3.9-ல் பத்தில் ஒன்பது. மரத்தின் நாலு பக்கமும், மேலும் கீழும் என்று நாற்பது ஐம்பது பூவைப் பிளந்து எண்ணிய பிறகு முடிவுக்கு வாருங்கள். ஆப்பிளுக்குப் பத்தில் ஒரு பூ பிடித்தாலே மரம் நிறையக் காய்.

பீச் இலை சிவந்து, கொப்பளித்து, தடிக்கிறது

டாஃப்ரினா என்ற பூஞ்சை. மொட்டு ஊதும்போது பெய்த மழையில் உள்ளே போய்விட்டது. இப்போது அடிக்கும் எந்த மருந்தும் பயன்படாது. மரம் அந்த இலையை உதிர்த்துவிட்டு இரண்டாம் தளிர் விடும், அதற்குத் தண்ணீரும் எருவும் கொடுங்கள். செம்பு மருந்துக்கு நேரம் இலை கொட்டிய பிறகும், அடுத்த பருவத்தில் மொட்டு ஊதத் தொடங்கும் முன்பும்தான். இன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

பூத்தண்டு எழுகிறது, பூ உதிர்கிறது

வெங்காயம், பீட்ரூட், கோஸ் ஆகியவை இரண்டு வருடப் பயிர்கள். ஓரளவு வளர்ந்த நாற்று 10 டிகிரிக்குக் கீழே சில வாரம் நின்றால் ஒரு பனிக்காலம் கழிந்ததாக எண்ணிப் பூக்கத் தயாராகிவிடும். தண்டைக் கிள்ளினாலும் அது திரும்பாது, உடனே அறுத்துச் சமைத்துவிடுங்கள். பசலை நாள் நீண்டதும் தண்டு விடும், அதற்கு முன்பே விதைப்பதுதான் வழி. பூசணியில் முதல் பூக்கள் உதிர்ந்தால் பயம் வேண்டாம், முதலில் வருபவை ஆண் பூக்கள். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். அது மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. குளிர்ந்த, மழை நாட்களில் தேனீ வெளியே வராது. காலையில் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் நீங்களே தடவிவிடுங்கள்.

பம்பு சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை

பனிக்காலம் முழுக்க நிறுத்திவைத்த பம்பு உறிஞ்சு குழாயில் தண்ணீரை இழந்திருக்கும். உடனே நிறுத்துங்கள், உலர்ந்து சுற்றினால், அச்சு வழியே தண்ணீர் கசியாமல் காக்கும் முத்திரை (சீல்) வெந்துபோகும். நிரப்பும் மூடியைத் திறந்து, வழியும்வரை தண்ணீர் ஊற்றி, மூடி இயக்குங்கள். ஓடி நிறுத்தியதும் மறுபடி வற்றினால் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள அடிவால்வில் குப்பை சிக்கியிருக்கிறது, அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று இழுக்கிறது. உறைபனி கண்ட குழாய் என்றால் வெடிப்பையும் தேடுங்கள்.

சொட்டுநீரில் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகவில்லை என்றால், வடிகட்டியைக் கழற்றிக் கழுவிவிட்டு, ஒவ்வொரு பக்கக் குழாயின் கடைசி மூடியையும் திறந்து, பழுப்பு நீர் போய்த் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். மூடியபின், வரிசையின் முதல் சொட்டியின் கீழும் கடைசிச் சொட்டியின் கீழும் ஒவ்வொரு டம்ளர் வையுங்கள். மணிக்கு 2 லிட்டர் சொட்டி என்றால் 6 நிமிடத்தில் 200 மில்லி விழ வேண்டும். கடைசி டம்ளரில் மட்டும் குறைந்தால் வரிசை நீளம் அதிகம், இரண்டாகப் பிரியுங்கள். இரண்டிலும் குறைந்தால் அழுத்தம் போதவில்லை, ஒரு நேரத்தில் பாதி வால்வுகளை மட்டும் திறந்து முறைவைத்துப் பாய்ச்சுங்கள்.